பழைய கணக்கெடுப்பு ஏடுகளில் முன்னோர் பெண்களைத் தேடுதல்

குடும்ப வரலாற்றைத் தேடுகிறவர்கள் ஆண்வழியில் நான்கைந்து தலைமுறைகள் தடையின்றிப் போய்விடுகிறார்கள். பெண்வழியிலோ பாட்டியின் தாயோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள். மணமானதும் கணவரின் குடும்பப் பெயரைப் பெண் ஏற்றுக்கொள்ளும் வழக்கமுள்ள பிரிட்டனிலும் அமெரிக்காவிலும், பிறந்த வீட்டுப் பெயர் தெரியாதவரை அவளைத் தொடர்ந்து செல்ல வழியில்லை. அந்த வழி, பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில், பல சமயம் அவளுடைய வரியில் இல்லாமல் அதற்கு மேலும் கீழும் உள்ள வரிகளில்தான் கிடைக்கிறது.

அமெரிக்காவில் 1790 முதல் 1840 வரையிலான ஏடுகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே உண்டு. மனைவியும் மகள்களும் வெறும் எண்ணிக்கைதான். 1850இல் சுதந்திரமாக இருந்த அனைவரின் பெயரும் பதிவாயின. அடிமைப்படுத்தப்பட்ட பெண்களோ அப்போதும் உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயதாகவும் பாலாகவும் நிறமாகவும் மட்டுமே பெரும்பாலும் எழுதப்பட்டார்கள். குடும்பத் தலைவருக்கு ஒருவர் என்ன உறவு என்பதை இங்கிலாந்தில் 1851 முதலும், அமெரிக்காவில் 1880 முதலும் குறித்தார்கள்.

நான் முதலில் பார்ப்பது இந்த உறவுமுறைக் கட்டத்தைத்தான். தலைவரின் மாமியார் என்று ஒரு விதவை அதில் இருந்தால், அவருடைய குடும்பப் பெயரே மனைவியின் பிறந்த வீட்டுப் பெயராக இருக்க வாய்ப்புண்டு. அவர் மறுமணம் செய்தவர் என்றால் அந்தக் கணக்கு தவறிவிடும். மணமாகாத மைத்துனி ஒருத்தி உடன் வசித்தால், அவள் மனைவியின் தங்கையாக இருக்கும் பட்சத்தில், சான்று இன்னும் உறுதியாகிறது.

இவற்றையெல்லாம் விட மதிப்புள்ளவை 1900, 1910 ஆண்டுகளின் அமெரிக்க ஏடுகள். மணவாழ்வின் ஆண்டுகள், பெற்ற பிள்ளைகள், உயிரோடு இருப்பவர்கள் என மூன்று எண்கள் அவற்றில் உள்ளன. மணமாகி ஆறு ஆண்டுகள், பெற்றவர் மூவர் என்றிருக்கும் ஒருத்தியின் வீட்டில் பன்னிரண்டு வயது மூத்தவனோடு ஐந்து பிள்ளைகள் இருந்தால், அவள் அந்தக் கணவருக்கு இரண்டாம் மனைவியாக இருக்கக்கூடும் என்று கருதி, முதல் மனைவியின் இறப்புப் பதிவைத் தேடத் தொடங்கலாம். இங்கிலாந்தின் 1911 படிவமும் இதே கேள்விகளை மணமான பெண்களிடம் கேட்டது. விதவைகள் சிலர் கேளாமலேயே தங்கள் எண்களை எழுதினார்கள். அலுவலர்கள் அவற்றை அடித்துவிட்டாலும், கோட்டுக்கு அடியில் இன்றும் படிக்க முடிகிறது. அலுவலர்கள் வேண்டாம் என்று தள்ளிய தகவல்தான் இப்போது நமக்கு மிகவும் பயன்படுகிறது.

தொழில் கட்டத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. வீட்டிலிருந்தபடியே தைத்தும் துவைத்தும் சம்பாதித்த மனைவியருக்கு அது பெரும்பாலும் காலியாகவே விடப்பட்டது.

1911 ஏட்டில் ஒரு பெண்ணைக் காணவில்லை என்றால் இறந்துவிட்டாள் என முடிவுசெய்யக் கூடாது. வாக்குரிமை கோரிய பெண்களில் பலர் ஏப்ரல் 2ஆம் தேதி இரவு வீட்டிலிருந்து வெளியேறிக் கணக்கெடுப்பைப் புறக்கணித்தார்கள். அந்த இரவை நாடாளுமன்ற வளாகத்துத் தேவாலயத்தின் சிற்றறை ஒன்றில் ஒளிந்து கழித்த எமிலி வைல்டிங் டேவிசனின் பெயர், அங்கு ஒரு முறையும் அவர் குடியிருந்த இடத்தில் ஒரு முறையுமாக, ஏட்டில் இரண்டு தடவை பதிவாகியிருக்கிறது.