இருட்டில் நிற்கப் பழகிய கால்

எனக்கு வேலை ரப்பர் பால்வெட்டு. குலசேகரம் பக்கம் மலைச்சரிவில் 300 மரம். அதிகாலை நாலு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய்விடுவேன். போன அக்டோபரில் ஒரு நாள், முந்தின இரவு மழையில் நனைந்திருந்த வேரில் வலது கால் வழுக்கி, பாதம் உள்பக்கமாக மடங்கியது. ‘டப்’ என்று ஒரு சத்தம். வீடு வந்து சேர்வதற்குள் கணுக்காலின் வெளிப்பக்கம் நார்த்தங்காய் மாதிரி வீங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் அடிபட்டால் முதலில் வர்ம ஆசானைத்தான் நினைப்போம். நானும் போனேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, “நீர் கோத்திருக்கும்போது தடவ மாட்டேன், நாலு அடி நடந்து காட்டு” என்றார். முடியவில்லை. “அப்போ முதல்ல படம் எடுத்துட்டு வா” என்று அனுப்பிவிட்டார். நாலு அடி நடக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே என்பது, கனடாவின் ஒட்டாவாவில் மருத்துவர்கள் வகுத்த கணுக்கால் விதிகளிலும் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. ஆசானுக்கு அது அனுபவத்தில் தெரிந்திருக்கிறது.

எலும்பு முறியவில்லை, எலும்போடு எலும்பைக் கட்டி வைக்கும் தசைநார்தான் கிழிந்திருக்கிறது என்றார்கள். கட்டுப் போட்டு, மூன்று வாரம் ஓய்வு. நாலாவது வாரம் என்ன செய்ய வேண்டும் என்று அந்த மருத்துவமனையில் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வலி போய்விட்டது, சரி, ஆறிவிட்டது என்று தோட்டத்துக்குப் போனேன். மூன்றாம் நாள் அதே கால், அதே மாதிரி மடங்கியது. இந்த முறை வேரும் இல்லை, சரிவும் இல்லை. வெறும் சமதரை.

தூத்தூர் பக்கம் கால்பந்து விளையாடும் சொந்தக்காரப் பையன் ஒருவன்தான், நாகர்கோவிலில் விளையாட்டுக்காரர்களுக்குப் பிசியோதெரபி செய்யும் ஒரு பெண்ணிடம் கூட்டிப்போனான். ஜெர்சி போட்ட பையன்கள் நடுவில் சாரம் கட்டிய ஆள் நான் ஒருவன்தான். கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அந்தப் பெண் எங்கே வலிக்கிறது என்று கேட்டதைவிட வேலையைப் பற்றிக் கேட்டதுதான் அதிகம். “அண்ணன் எத்தனை மணிக்குப் போவீங்க? குனிஞ்சு வெட்டணுமா, நின்னு வெட்டணுமா? பால் வாளியை ஒரு கையில தூக்குவீங்களா, ரெண்டு கையிலயுமா?” எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அப்புறம் சொன்னார்: “கால்பந்துக்காரனுக்கு மைதானம் மாதிரி உங்களுக்குத் தோட்டம். அதுக்குத் தயாராகுறதுதான் கணக்கு. எத்தனை வாரம் ஆச்சுங்கிறது கணக்கு இல்ல.”

சுவரைப் பார்த்து நிற்கவைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முட்டியால் சுவரைத் தொடச் சொன்னார். இடது காலின் கட்டைவிரல் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இருந்தும் முட்டி தொட்டது. வலது கால் 4 சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கச் சொன்னார். இடது 25, வலது 6. கடைசியாக, வலது காலில் நின்று கண்ணை மூடு என்றார். இரண்டு விநாடிகூட நிற்கவில்லை, அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அங்கேதான் விஷயம் புரிந்தது. தசைநார் வெறும் கயிறு இல்லை. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு நுனிகள் அதில் இருக்கின்றன. கிழிந்தால் அந்தச் சேதியும் மந்தமாகிவிடும். வீக்கம் வடிந்தாலும், வலி போனாலும், பயிற்சி இல்லாமல் அது சரியாகத் திரும்பாது. பகலில் கண் கொஞ்சம் ஈடுகட்டும். நான் வேலை செய்வதோ இருட்டில்.

அதனால் எனக்குக் கொடுத்ததில் பாதி, கண்ணை மூடிச் செய்யும் பயிற்சி. பல் தேய்க்கும்போது வலது காலில் நிற்பது. பிறகு தலையணை மேல். பிறகு தலையணை மேல் கண்ணை மூடிக்கொண்டு. வீட்டுக்காரி முதல் வாரம் சிரித்தாள், இரண்டாம் வாரம் தலையணையை ஒளித்துவைத்தாள். ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கமாக இழுப்பது, படியில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது, அப்புறம் இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு படி இறங்குவது. எல்லாம் சலிப்பான வேலைதான். லேசான வலி இருந்தால் செய், மறுநாள் வீங்கினால் குறை என்பது மட்டும்தான் விதி.

ஐஸ் வைத்து அசையாமல் கிடந்தது தப்பா என்று கேட்டேன். ஓய்வு, ஐஸ், கட்டு, காலைத் தூக்கி வைப்பது என்ற முறைக்கு 1978இல் பெயர் சூட்டிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் மாற்றிச் சொல்லிவிட்டாராம். முதல் சில நாள் காலுக்கு ஓய்வு வேண்டும், அதன்பின் மெல்ல மெல்லப் பாரம் ஏற்ற வேண்டும் என்றார் அந்தப் பெண். நான் மூன்று வாரம் கட்டிலில் கிடந்ததை நினைத்துக்கொண்டேன்.

மொத்தம் ஏழு முறை போனேன், ஒரு முறைக்கு 400 ரூபாய். நோவு வேலை நின்றதில்தான். அக்டோபரிலிருந்து ஜனவரி வரைதான் பால் நன்றாக வரும்.

ஜனவரி தொடக்கத்தில் குதிகால் ஏற்றம் 22 வந்ததும் 100 மரத்துக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. இரண்டு வாரம் கழித்து 200. மாதக் கடைசியில் 300 மரமும் வெட்டினேன், கால் வீங்கவில்லை. பத்து நாள்கூட ஆகவில்லை, மரமெல்லாம் இலை உதிர்க்க ஆரம்பித்துவிட்டது. இலை உதிரும்போது வெட்டு கிடையாது. கத்தியைத் துடைத்து எடுத்து வைத்தேன். தலையணை மட்டும் இன்னும் பல் தேய்க்கும் இடத்தில்தான் கிடக்கிறது.