கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதே ரூபாப்

தாஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பேயிலிருந்து பாமீர் மலையில் இருக்கும் கோரோக் ஊருக்குப் போகிற ஷேர் டாக்ஸியில் ஏறிவிட்டால் முழு நாளும் பாட்டுதான், டிரைவர் பென் டிரைவில் என்ன ஏற்றி வைத்திருக்கிறாரோ அதைக் கேட்டாக வேண்டும். நான் இந்தியா என்று தெரிந்ததும் எங்கள் டிரைவர் மிதுன் சக்ரவர்த்தி காலத்து டிஸ்கோ பாட்டைத் தட்டிவிட்டார். சோவியத் காலத்தில் இந்திப் படங்கள் இங்கே சக்கைப்போடு போட்டதன் மிச்சம். பின் சீட்டுப் பாட்டிக்குக்கூட வரி வரியாகத் தெரிகிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

குலோப் ஊரைத் தாண்டி, இந்தக் கரை தாஜிகிஸ்தான், பாஞ்ச் ஆற்றின் அந்தக் கரை ஆப்கானிஸ்தான் என்று சாலை ஒடுங்கிய பிறகு ஃபலக் ஆரம்பித்தது. மலைக்காரர்களின் பாட்டு இது. விதியிடம் நேருக்கு நேர் முறையிடுவதுபோல, தாளம் எதுவும் இல்லாமல், எடுத்த எடுப்பிலேயே உச்சியைப் பிடித்து அங்கிருந்து மெதுவாக இறங்கும் ஒற்றைக் குரல். பிரிவு, சாவு, பிழைக்கப் போன இடத்தின் தனிமை, இவைதான் பாடுபொருள். வீட்டுக்கு ஒருவர் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போயிருக்கிற ஊர்களில் இது பழைய பாட்டாக எப்படி இருக்கும்? 2021ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. கீபோர்டும் எக்கோவும் சேர்த்த மேடை ஃபலக்கும் நடுவில் வந்தது, அதை நான் ரசிக்கவில்லை.

ஷஷ்மகாம் பற்றியும் சொல்ல வேண்டும். புகாரா அரசவையில் வளர்ந்த செவ்வியல் இசை, ராகம் மாதிரியான ஆறு மகாம்கள், உஸ்பெக்குகளுக்கும் தாஜிக்குகளுக்கும் பொதுச் சொத்து. துஷான்பேயில் கேட்டேன். அருமைதான், ஆனால் நான் மலைக்கு வந்தது வேறொன்றுக்காக.

கோரோக்கில் தங்கிய வீடு பழைய பாமீர் வீடு. ஐந்து மரத்தூண்கள், கூரையில் சதுரத்துக்குள் சதுரமாக அடுக்கிய வெளிச்சத் திறப்பு. வீட்டுக்காரரின் சொந்தத்தில் ஒரு சாவு, என்னையும் கூட்டிப் போனார். அங்கேதான் மத்தோ கேட்டேன். பாமீரில் வாழும், ஷியா பிரிவைச் சேர்ந்த இஸ்மாயிலி முஸ்லிம்கள் நபியையும் அலியையும் இமாம்களையும் புகழ்ந்து பாடுவது. பேசுவது ஷுக்னி மொழி, பாடுவது பாரசீகக் கவிதை. தாத்தா ஒருவர் ரூபாபை மடியில் சாய்த்துக்கொண்டு ஆரம்பித்தார். ஒரே முசுக்கொட்டைக் கட்டையைக் குடைந்து, வயிற்றில் தோல் போர்த்திய வாத்தியம், வார்னிஷ் பூச்சு எல்லாம் இல்லை, கை பட்டுப் பட்டே கழுத்து பளபளத்திருந்தது. மீட்டும்போது தோலில் விழும் ‘தும்’ ஒரு தாளவாத்தியத்தின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. வெகு நேரம் நிதானமாகப் போய், கடைசியில் வேகம் பிடித்தபோது சுற்றியிருந்தவர்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். அழுகைச் சத்தம் இல்லை.

இரண்டு நாளில் பக்கத்துத் தெருவில் கல்யாணம். பார்த்தால் அதே தாத்தா, அதே ரூபாப்! பெண்கள் டஃப் என்கிற தோல் பறையை அடுப்புச் சூட்டில் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, தொய்வு போகும்வரை மறுபடி காட்டி, அப்புறம் வெளுத்து வாங்கினார்கள். சரி, கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கர் வந்தது, ஊர் இளைஞர்கள் ஆட்டத்தில் இறங்கினார்கள். கிட்டாரோடு இந்த மலை இசையைக் கலந்து தாஜிக் பாப்புக்கு ஒரு தனிக் குரல் கொடுத்த தலேர் நசரோவும் பாமீர் வேர் உள்ளவர்தான். யூடியூபில் தேடிக் கேளுங்கள்.

நேரம் இருந்தால் இஷ்காஷிம் தாண்டி வாகான் பள்ளத்தாக்கில் யம்க் கிராமத்துக்கும் போய் வாருங்கள். 1903ல் இறந்த சூஃபிக் கவிஞர் முபாரக் வாகானியின் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. கவிதை, வாத்தியம், வானியல் மூன்றிலும் கை வைத்த மனிதர். சூரியனை வைத்து அவர் நாள் கணக்குப் பார்த்த துளைபோட்ட கல் வெளியே நிற்கிறது, உள்ளே வாத்தியங்கள். சாவி வைத்திருப்பவர் வயலுக்குப் போயிருந்தால் காத்திருங்கள், எனக்கு ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தே காட்டினார்.