வீட்டைத் தேடும் முன் ஏரியாவைத் தேடினோம்

தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு மாறும்போது, என் கணவருக்கு ஈக்காட்டுத்தாங்கலில் வேலை, எனக்குத் தரமணியில். இரண்டுக்கும் நடுவில் ஒரு வீடு பிடித்தால் போதும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மேப்பைப் பார்த்தால் வேளச்சேரி சரியாக வந்தது. ஆனால் எங்களோடு அத்தையும் வருகிறார். 68 வயது, முழங்கால் வலி வேறு. நாங்கள் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவோம். பகல் முழுக்க அந்தத் தெருவில் இருக்கப்போவது அத்தைதான். அதனால், துணை இல்லாமல் அவர் நடந்து போய்வர முடிகிற ஏரியாவா என்பதைத்தான் முதலில் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

முதலில் துரைப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. லிஃப்ட், பூங்கா, காவலாளி எல்லாம் உண்டு. கேட்டைத் தாண்டினால் ஓ.எம்.ஆர். சாலை, அதில் மெட்ரோ வேலைக்கான தடுப்புகள். கொத்தமல்லி வாங்கக்கூட ஆப்பில்தான் சொல்ல வேண்டும். அத்தை சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க யாரும் வாசல்ல உக்கார மாட்டாங்களோ?" என்று கேட்டார். எனக்கு அதற்கு மேல் அங்கே பார்க்கத் தோன்றவில்லை.

வேளச்சேரியில் வீடு நன்றாகவே இருந்தது. தரகர், "இந்தத் தெருவுல தண்ணி நிக்கவே நிக்காது" என்று அடித்துச் சொன்னார். நாங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவரிடம் கேட்டோம். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எதிர்வீட்டு இரும்பு கேட்டைக் காட்டினார். "2015ல அந்த ரெண்டாவது குறுக்குக் கம்பி வரைக்கும் நின்னுச்சும்மா. போன மிக்ஜாம் புயலுக்கு அதுக்குக் கொஞ்சம் கீழ." இரண்டாவது கம்பி என் இடுப்பு உயரம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வடிய வேண்டிய தண்ணீர் போக வழியில்லாமல் தேங்குகிற பகுதி அது. வேளச்சேரி முழுக்க இப்படி என்று சொல்ல மாட்டேன், தெருவுக்குத் தெரு மாறுகிறது. அதனால்தான் ஏரியா பெயரை மட்டும் கேட்டு முடிவு செய்யக் கூடாது என்கிறேன். அதே தெருவில் பல வருடமாகத் தொழில் செய்கிறவரிடம் கேளுங்கள். வாடகைக்கு விடும் அவசரம் அவருக்கு இல்லை.

மேற்கு மாம்பலம் அத்தைக்கு ரொம்பப் பிடித்தது. காய்கறிக் கடை, மருந்துக் கடை, கோயில், ரயில் நிலையம் எல்லாம் நடக்கும் தூரத்தில். ஆனால் கதவைத் தட்டின வீடெல்லாம் முதல் கேள்வி, "நான்வெஜ் சமைப்பீங்களா?" வாரத்தில் பாதி நாள் மீன் குழம்பு கொதிக்கிற வீடு எங்களுடையது. ஒளித்துச் சமைத்துக்கொண்டு ஒரு வீட்டில் இருப்பது எங்களுக்கு ஒத்துவராது.

அப்புறம்தான் நங்கநல்லூர், பழவந்தாங்கல் பக்கம் வந்தோம். நங்கநல்லூரிலும் சிலர் அதே கேள்வியைக் கேட்டார்கள், ஆனால் பழவந்தாங்கல் ஸ்டேஷன் பக்கம் கேட்காத வீடுகளும் இருந்தன. ஒரு தெரு பிடித்துப்போய், அங்கே வேலைநாள் காலையிலும் இரவு ஒன்பது மணிக்கு மேலும் சுற்றிப் பார்த்தோம். காலையில் கீரை விற்கிற அம்மா வந்தார். இரவில் தெருவிளக்கு எல்லாம் எரிந்தது, பெண்கள் தனியாக ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தார்கள். கணவருக்குப் போக்குவரத்தும் சுலபம்: பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறி அடுத்த ஸ்டேஷனான பரங்கிமலையில் இறங்கினால் மெட்ரோ. அதில் இரண்டாவது நிறுத்தம் ஈக்காட்டுத்தாங்கல்.

அந்தத் தெருவில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனபோது, தண்ணீர் விஷயத்தில் வீட்டுக்காரர் வாயைப் பார்க்காமல் குழாய் வாயைப் பார்த்தோம். முன்பு பார்த்த ஒரு வீட்டில் பாத்ரூம் குழாயைச் சுற்றி வெள்ளையாக உப்பு கட்டிப்போயிருந்தது, பக்கெட் உள்பக்கம் மஞ்சள் கறை. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. இங்கே அப்படி இல்லை. மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர், வருகிற நாளில் சம்ப்பில் (தரைக்கடித் தொட்டியில்) பிடித்து வைக்கிறார்கள், போர் தண்ணீர் துணி துவைக்க. சம்ப் மூடியைத் திறந்து காட்டச் சொன்னோம், தயங்காமல் காட்டினார்.

அட்வான்ஸ் பத்து மாத வாடகை கேட்டார். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. இதைச் சண்டையாகப் பேசாமல் மெதுவாகச் சொன்னோம். ஐந்து மாதத்துக்கு இறங்கினார், அதை அப்படியே ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டோம்.

குறை இல்லாமல் இல்லை. விமான நிலையம் பக்கம் என்பதால் சத்தம் உண்டு. பெருமழை பெய்தால் ஸ்டேஷன் பக்கத்துச் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும், சுற்றித்தான் போக வேண்டும். எனக்குத் தரமணி கொஞ்சம் தூரம்தான், சாயங்கால வேளச்சேரி நெரிசலில் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வருகிறேன். ஆனால் அத்தை வாரா வாரம் சனிக்கிழமை ஆஞ்சநேயர் கோயிலுக்குக் கீழ்வீட்டு அக்காவோடு போகிறார். 32 அடி உயரச் சிலையை முதல் தடவை பார்த்துவிட்டு வந்த அன்று, ஊரில் இருக்கும் தன் தங்கைக்குப் போன் போட்டு, "நீயும் கிளம்பி வா, இங்க இருந்துட்டுப் போகலாம்" என்றார்.