வற்றாப்பளைக்கு அம்மா வைத்த நேர்த்தி

வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு அம்மா நேர்ந்தது என் படிப்புக்காக இல்லை. ஜேர்மனியில் இருந்த மூன்று வருடமும் இது எனக்குத் தெரியாது. பிள்ளை பாஸ் பண்ண வேண்டும், நல்ல வேலை கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்டிருப்பார் என நினைத்திருந்தேன். வைகாசிப் பொங்கலுக்கு வந்து இறங்கிய அன்றிரவு, குசினியில் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார்: "படிப்பு உன்ர பாடு. போன பிள்ளை திரும்பி வரவேணும் எண்டு மட்டும்தான் கேட்டனான். வந்தா முள்ளியவளையிலயிருந்து வெறுங்காலோட நடந்து வந்து பொங்குறன் எண்டு சொல்லிப்போட்டன்."

எங்கள் ஊர் முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணீரூற்று, முள்ளியவளைக்குப் பக்கம். எங்கள் ஒழுங்கையில் வெளிநாடு போகாத வீடு குறைவு. கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் வருவார்கள், மூன்று கிழமை நிற்பார்கள், போய்விடுவார்கள். வந்து இருந்துவிட்டவர் என்று ஒருவரையும் எனக்குத் தெரியாது. அம்மாவின் பயம் அன்றிரவுதான் எனக்கு விளங்கியது.

நான் புறப்பட்டது 2022 இல். அந்த வருடம் நாடு கிடந்த கிடை எல்லோருக்கும் தெரியும். ஜேர்மனிக்குப் படிக்கப் போகிறவர் ஒரு வருடச் செலவுக் காசை அங்கே, மாதாமாதம் ஒரு அளவுதான் எடுக்கக்கூடிய முடக்கு கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அப்போது அது 10,332 யூரோ. வருடத் தொடக்கத்தில் அப்பா கணக்குப் பார்த்தபோது 23 லட்சம் ரூபாய் வந்தது. விசாவுக்குப் போகும் நேரம் ரூபாய் விழுந்து 37 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வயல் உறுதி ஈட்டுக்குப் போனது. அம்மாவின் கழுத்தில் தாலிக்கொடி மட்டும் மிஞ்சியது. மிச்சத்தைக் கனடாவில் இருக்கிற சின்னமாமா போட்டார். பெற்றோல் இல்லாத அந்த வைகாசியில் அம்மா சைக்கிளில் வற்றாப்பளைக்குப் போய் வந்தார். அன்றுதான் இந்த நேர்த்தியை வைத்திருக்கிறார். எங்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

நான் படித்தது தண்ணீரைப் பற்றி. நிலத்தடி நீரில் உப்பும் நைத்திரேற்றும் எப்படி ஏறுகின்றன, அதை எப்படி அளப்பது என்பதெல்லாம். ஊர்ப் பெயரிலேயே தண்ணீர் இருப்பதால் வேறு எதைப் படிப்பது என்று அப்பா சொல்லிச் சந்தோசப்படுவார். டோட்மண்ட் பக்கம் ஒரு மாணவர் விடுதியில் இருந்தேன். மார்கழியில் பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிடும். அறை முகட்டில் புகை கண்டால் கத்துகிற கருவி இருந்ததால் கற்பூரம் கொளுத்த முடியாது, ஒரு ஊதுபத்திக்கும் பயம். மேசையில் அம்மன் படத்தை வைத்து வெறுங்கையால் கும்பிட்டுவிட்டுப் படுப்பேன். விளக்கு இல்லாமல் கும்பிடுவது எவ்வளவு பெரிய குறை என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

எங்கள் துறையில் ஒரு பாடத்தை மூன்று தடவைக்கு மேல் எழுத முடியாது. மூன்றாவதிலும் தவறினால் படிப்பே முடிந்தது. நிலத்தடி நீரோட்டக் கணக்கில் நான் இரண்டு தரம் விழுந்தேன். வீட்டுக்குச் சொல்லவில்லை. ஈட்டில் கிடக்கிற வயலை நினைத்தால் எப்படிச் சொல்வது? மூன்றாவது சோதனைக்கு முந்திய சனிக்கிழமை ரெயின் ஏறி ஹம் காமாட்சி அம்பாளிடம் போனேன். மாணவர் ரிக்கெட்டுக்கு அந்த மாநிலத்து ரெயின் எல்லாம் ஓடும், அதனால் காசு பிரச்சினை இல்லை.

ஹம் நகரத்துக்கு வெளியே, ஆலைகளுக்கு நடுவில், பஸ்ஸால் இறங்கி நிமிர்ந்தால் 17 மீற்றர் கோபுரம். 2002 இல் கும்பாபிசேகம் நடந்த கோயில். தேருக்குப் போனவர்கள் சொல்லும் சனத்தை நான் காணவில்லை, நான் போன நாள் அமைதியாக இருந்தது. பக்கத்து வாய்க்காலில்தான் அம்பாளுக்குத் தீர்த்தம். மழை தூறிக்கொண்டிருந்தது. உள்ளே போய் ஒரு விளக்கை ஏற்றிய உடனே எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் கையால் ஏற்றிய நெருப்பு.

சருவத்தோடு போன ஒரு வயதான அன்ரி நின்று, "எந்த ஊர் பிள்ளை?" என்று கேட்டார். தண்ணீரூற்று என்றேன். சருவத்தை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டார். அவருக்கு முள்ளியவளை. 1990 இல் வெளிக்கிட்டவர், அதற்குப் பிறகு ஊர் மண்ணை மிதிக்கவில்லை. "ஊற்றங்கரைப் பிள்ளையாரடியில இப்பவும் தண்ணி ஊறுதோ?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. வீட்டுக்குச் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் ஆறுதல் என்று பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. சோற்றைப் போட்டுத் தந்து, "சாப்பிடு. போய் எழுது. அவ நிக்கிறா" என்றார். எழுதினேன். பாஸ். அம்பாளே, அந்தச் சோற்றுக்கு நான் என்ன கைமாறு செய்வேன்!

அதன்பிறகு மாதத்தில் ஒருமுறையாவது போவேன். ஒரு ஆவணியில் அந்த அன்ரியோடு கெவலார் மாதாவிடமும் போனேன். அங்கே தமிழர் யாத்திரை நாளில் சைவக்காரர், வேதக்காரர் என்று பார்க்க ஆள் இல்லை, எங்கள் மடு மாதாவடி போலத்தான். உள்ளங்கை அளவு சின்னப் படம்தான் மாதா. 1642 இலிருந்து அதற்குத்தான் அவ்வளவு சனமும் வருகிறது.

படிப்பு முடித்தால் வேலை தேட அங்கே 18 மாதம் விசா கொடுப்பார்கள். கூடப் படித்தவர்கள் நான் அதை விட்டுவிட்டு வந்ததற்கு ஏசினார்கள். எனக்கு வேறு கணக்கு இருந்தது, கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறுவதை எங்கள் ஊரில் இருந்து அளக்க வேண்டும் என்று. அதுவும் அம்மாவின் நேர்த்தி செய்த வேலைதான் என்று இப்போது நம்புகிறேன். புறப்படும்போது ஹம் அன்ரி பிடித்த கையை விடாமல் சொன்னார்: "வற்றாப்பளையில பொங்கேக்க என்ர பேரிலயும் ஒரு பிடி அரிசி போடு பிள்ளை."

கொழும்பிலிருந்து இரவு பஸ். வவுனியாவில் மாறி ஏறிய வானில் பொங்கல் சனத்தைக் கண்டதும் ரிக்கெட் விலையை ஏற்றிவிட்டார்கள். நேர்த்திக்குப் போகிற கிழவிகளிடம் கூடவா? புளியங்குளம் திரும்பி நெடுங்கேணிப் பக்கம் வந்ததும் றோட்டோரத்தில் பாலைப்பழம் விற்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு கோப்பை வாங்கி, பிசின் உதட்டில் ஒட்ட ஒட்டத் தின்றுகொண்டே ஊருக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவு முள்ளியவளைக் காட்டா விநாயகரடிக்குப் போனோம். சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் எடுத்த கடல் தண்ணீரில் வற்றாப்பளைப் பொங்கலுக்காக ஒரு கிழமையாக அங்கே எரிந்துகொண்டிருந்த விளக்கு. சனம் தள்ளியது. அம்மா முதுகில் கை வைத்து என்னை முன்னால் விட்டார். எப்படியோ ஒரு தூணோரம் எனக்கு இடம் கிடைத்தது, கனநேரம் நின்றேன்.

எனக்குப் பதினொரு வயது. 2009. சண்டை முடிந்து, வட்டுவாகலால் வந்து மெனிக்பாம் அகதி முகாமில் இருக்கிறோம். வைகாசிப் பொங்கல் திங்கள் வந்தது. அம்மா ஒரு பால்மா ரின் மூடியில் தண்ணீர் ஊற்றி, உப்பைக் கரைத்து, சேலையில் கிழித்த திரியை வைத்து நெருப்புக்குச்சி கிழித்தார். திரி கருகி அணைந்தது. இன்னொரு குச்சி. அதுவும் அணைந்தது. மூன்றாவது குச்சியை அப்பா வாங்கி வைத்துக்கொண்டார், மிச்சக் குச்சி அடுப்புக்கு வேண்டும். அம்மா அழவில்லை. எரியாத அந்த மூடிக்கு முன்னால் இருந்து கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "அவ இஞ்ச எரியமாட்டா. அவவின்ர இடம் அது. நாங்கள்தான் போகவேணும்."

கடல் நீரில் லீற்றருக்கு 35 கிராம் அளவில் உப்பு. மூன்று வருடம் உப்புத் தண்ணீருக்குள் கருவியை விட்டு எண்களை எழுதியவள் நான். அந்த எண்களில் ஒன்றுகூட அந்த நேரம் என் நினைவுக்கு வரவில்லை. திரி எரிந்தது. காற்று வந்தபோது ஒருக்கால் சாய்ந்து பிறகும் நிமிர்ந்தது. முகாமில் எரியாதது இங்கே எரிகிறது, நாங்கள் வந்திருக்கிறோம், அம்மா உயிரோடு என் முதுகில் கை வைத்தபடி நிற்கிறார். எனக்கு வேறு என்ன வேண்டும்? தாயே, தாயே என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வரவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் நடக்கத் தொடங்கினோம். அம்மாவுக்கு வலது முழங்கால் சுகமில்லை, படியேறவே கஷ்டம். "நான் நடக்கிறன், நீங்கள் அப்பாவோட மோட்டச்சைக்கிளில வாங்கோ" என்று கெஞ்சிப் பார்த்தேன். "நேந்தது நான். நடக்கிறதும் நான்தான்." தார் றோட்டு இன்னும் சூடு ஆறவில்லை. சோளகம் புழுதியை அள்ளி முகத்தில் அடித்தது. ஓரத்து மணலில் நடப்போம் என்றால் அங்கே நெருஞ்சி. தாகசாந்திப் பந்தல்களில் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் தந்த பொடியளுக்கு அம்மன் நிறையக் கொடுக்க வேண்டும். ஒரு பந்தலில் அம்மா இருந்தபோது பாதத்தைப் பார்த்தேன், பெருவிரலடியில் கொப்புளம் உடைந்திருந்தது. சீலைத் துண்டைக் கட்டவும் விடவில்லை. "மதுரையிலயிருந்து நடந்து வந்தவ அவ. ஒவ்வொரு இடமா இருந்து இருந்து, பத்தாவதா இஞ்ச வந்துதான் ஆறினவ. எனக்கு இந்தத் துண்டு றோட்டு பெரிசே?" என்று சொல்லி எழும்பிவிட்டார். மாடு மேய்த்த பொடியளிடம் புக்கை கேட்ட கிழவியாக அவள் வந்த நந்திக்கடல் வெளி, பொழுதுபட்ட வெளிச்சத்தில் தெரியத் தொடங்கியதும் வலி எங்கே போனதோ, என்னை விட முன்னால் நடந்தார்.

கோயிலடியில் கால் வைக்க இடமில்லை. ஐஸ்கிறீம் வாகனங்கள் போட்டி போட்டுச் சினிமாப் பாட்டு அலறவிட்டதில் மேளமும் அரோகராவும் கேட்கவில்லை. பொங்கல் இரவில் அம்மன் வாசலில் இதை யார்தான் கேட்பது? சாமான் பாதுகாக்கிறோம், செருப்புப் பாதுகாக்கிறோம் என்று கையைப் பிடித்து இழுக்கிறவர்கள் வேறு. ஒருவர் கிட்ட வந்து, இரண்டாயிரம் தந்தால் பக்கத்து வழியால் விடுகிறேன் என்று காதுக்குள் சொன்னார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்து, "மூண்டு வருசம் நிண்டனான் தம்பி, மூண்டு மணித்தியாலம் நிக்கமாட்டனே?" என்றார். அந்த மனிதர் போய்விட்டார்.

மூன்று மணித்தியாலத்துக்கும் மேல் நின்றோம். உள்ளே போனால் முன்னால் நிற்பவர்கள் எல்லோருடைய கையும் மேலே, எல்லாக் கையிலும் போன். அம்மன் அந்தப் போன்களுக்குள் சின்னச் சின்னதாகத் தெரிந்தாள். எனக்கு மனம் கொதித்தது. அதற்குள் ஒரு விலகல் வந்தது. என்னை இரண்டு தோளிலும் பிடித்து அம்மா முன்னால் நிறுத்தினார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கொண்டுபோன அன்று அதிபருக்கு முன்னால் நிறுத்தியது போல. "பார் தாயே, வந்திட்டாள். நான் கேட்டமாதிரி கொண்டுவந்து விட்டிட்டாய். பார்" என்று சத்தமாகச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தீபம் காட்டினார்கள். மஞ்சளும் பூவும் நிறைந்த அந்த முகத்தை நான் கண்டேன். அவளும் என்னைப் பார்த்தாள். இதை நான் யாருக்கு முன்னாலும் சொல்வேன், அவள் என்னைப் பார்த்தாள்.

கோயிலுக்கு வெளியே அப்பா அடுப்பு மூட்டி வைத்திருந்தார். அம்மா மூன்று தரம் கையால் அரிசி அள்ளி இட்டார். அதன்பிறகு நான் ஒரு பிடி அள்ளி, ஹம் அன்ரியின் பெயரைச் சொல்லிப் போட்டேன். அந்தப் பெயரை அம்மாவும் சேர்ந்து சொன்னார். அவரை ஒருநாளும் கண்டதில்லை, ஆனாலும் மகளுக்குச் சோறு போட்டவர் அல்லவா.

நடுச்சாமத்துக்குக் கிட்டப் பொங்கியது. போன் வேலை செய்யவில்லை, அவ்வளவு சனத்துக்கு எங்கே சிக்னல். றோட்டுப் பக்கம் ஓடிப்போய், நாலைந்து தடவை முயன்ற பிறகு அன்ரி கிடைத்தார். அங்கே அப்போதுதான் இரவு ஒன்பது மணியாகப் போகிறது. உங்கள் அரிசி போட்டாச்சு, பொங்கியாச்சு என்றேன். மறுபக்கம் கனநேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதென்று நினைத்தேன்.

"எந்தப் பக்கத்தால வழிஞ்சது பிள்ளை?"

"கிழக்கால, அன்ரி."