தூளியிலிருந்து எழும் அமெரிக்கா

அச்சுப்படப் பிரிவில் பட்டியல் குறிப்பு எழுத உட்கார்ந்தால் முதலில் தாளைத்தான் பார்ப்போம். வெளிச்சப் பலகையில் வைத்து நீர்க்குறி தேடுவோம். செப்புத் தகடு அழுந்திய ஓரத்தை அளப்போம். கோடுகள் கூர்மையாக இருந்தால், தகடு தேய்வதற்கு முன் எடுத்த பிரதி என்று தெரியும். படத்தில் என்ன இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான். 'நோவா ரெபெர்த்தா' (புதிய கண்டுபிடிப்புகள்) என்ற பழைய அச்சுப்பட வரிசையில் வரும் 'அமெரிக்கா' மட்டும் என்னை இந்த ஒழுங்கில் போகவிட்டதே இல்லை.

ஃபுளோரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பத்துக்காக வேலை செய்த ஓவியர் ஸ்ட்ரடானுஸ் 1580களின் இறுதியில் வரைந்த படம் அது. தியோடோர் காலே செதுக்க, இன்றைய பெல்ஜியத்திலுள்ள ஆண்ட்வெர்ப்பில் பிலிப்ஸ் காலே வெளியிட்டார். இடப்பக்கம் கடலோடி அமெரிகோ வெஸ்புச்சி நிற்கிறார்: கவசமும் அங்கியும், இடுப்பில் வாள், ஒரு கையில் சிலுவை வைத்த கொடிக்கம்பு, மறு கையில் விண்மீன்களின் உயரம் அளக்கும் அஸ்ட்ரோலேப் கருவி, பின்னால் கப்பல். வலப்பக்கம் மரங்களுக்கிடையே கட்டிய தூளியிலிருந்து இறகுத் தொப்பி அணிந்த ஒரு பெண் ஆடையின்றி எழுகிறாள். அவள்தான் கண்டம். இருவருக்கும் நடுவே, தொலைவில், மனிதக் கால் ஒன்றை நெருப்பில் வாட்டுகிறார்கள்.

பார்க்க வரும் மாணவர்களிடம் கைகளைக் கவனிக்கச் சொல்வேன். அவர் கைகள் இரண்டும் நிறைந்திருக்கின்றன. அவள் நீட்டும் கை வெறுமை. அவளுடைய கதாயுதம் எட்டாத தூரத்தில் மரத்தில் சாய்ந்திருக்கிறது. இதைக் கண்டதும் யாராவது ஒருவர், "ஐரோப்பாவின் ஆணவம்" என்பார். சரிதான். ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

ஃபுளோரன்ஸுக்கு அமெரிக்காவில் ஒரு சாண் நிலம்கூடக் கிடையாது. வெஸ்புச்சி அந்த ஊர்க்காரர்தான். ஆனால் கடல் கடந்தது ஸ்பெயினுக்காகவும் போர்த்துகலுக்காகவும். வெள்ளி போனதும் அங்கேதான். இந்த வரிசைக்குத் தூண்டுகோலாக இருந்த லூயிஜி அலமான்னியும் ஃபுளோரன்ஸ்காரர். 1507இல் ஜெர்மானிய வரைபடக்காரர் வால்ட்சேமுல்லரின் உலக வரைபடத்தில் அந்த மண்ணுக்குத் தங்கள் ஊர்க்காரரின் பெயர் விழுந்தது. அவர்களுக்குக் கிடைத்த பங்கு அந்தப் பெயர்தான். அதை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். படத்தின் கீழே உள்ள லத்தீன் வரியும், அமெரிகுஸ் (அமெரிகோவின் லத்தீன் வடிவம்) ஒருமுறை அழைத்தார், அன்றிலிருந்து அவள் விழித்தே இருக்கிறாள் என்கிறது. வாளால் பிடிக்க முடியாததைத் தாளில் பிடித்திருக்கிறார்கள். ஒரு தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் பிரதி எடுக்கலாம் என்பதால் அந்தப் பிடி ஊர் ஊராகப் பரவியது.

அச்சிட்ட ஊரின் கதை இன்னும் கனமானது. 1576 நவம்பரில், சம்பளம் கிடைக்காத ஸ்பானியப் படைவீரர்கள் ஆண்ட்வெர்ப்பைச் சூறையாடி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றார்கள். 1585இல் நகரம் ஸ்பானிய முற்றுகைக்குப் பணிந்தது. அப்படிப்பட்ட ஊரில், வெறியாட்டத்தைத் தொலைதூரத்து நிர்வாண மனிதர்கள் தலையில் ஏற்றிய படம் விற்பனைக்கு வந்தது. செதுக்கியவர் மனதில் என்ன ஓடியது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த நெருப்புக் காட்சியைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் தெருக்கள் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

எங்கள் கணினிப் படிவத்தில் 'இடம்பெறும் நபர்' என்ற கட்டத்தில் வெஸ்புச்சி பெயர் போகும். அந்தப் பெண் 'உருவகம்' கட்டத்துக்குப் போவாள். நெருப்பருகே இருப்பவர்களுக்குக் கட்டமே இல்லை. தூளி, இறகணி, கதாயுதம் எல்லாம் பிரேசில் கரையோரத்துத் துப்பினம்பா மக்களைப் பற்றி ஐரோப்பாவில் பரவிய செய்திகளை ஒட்டியவை. அதனால் பொருள் பட்டியலில் துப்பினம்பா என்ற பெயரைச் சேர்க்கக் கேட்டேன். உருவகப் படத்தில் நிஜ மக்கள் பெயர் எதற்கு என்று மேற்பார்வையாளர் நியாயமாகவே கேட்டார். நீண்ட பேச்சுக்குப் பிறகு சேர்த்தோம். இப்போது அந்தப் பெயரைத் தட்டித் தேடுபவருக்கும் இந்தப் படம் வரும். முன்பு வெஸ்புச்சியைத் தேடுபவருக்கு மட்டுமே வந்துகொண்டிருந்தது.