5,000 பக்க ஆவணத் தளம்: பில்ட் நேரம் எங்கே போகிறது?

ஆவணத் தளத்தின் பில்ட் (மூல உரைக் கோப்புகளிலிருந்து இணையப் பக்கங்களை உருவாக்கும் வேலை) இருபது நிமிடத்தைத் தொட்டதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, பெரிய மெஷின் எடுக்கலாம் அல்லது பக்கங்களை உருவாக்கும் மென்பொருளான ஜெனரேட்டரையே மாற்றலாம் என்பதுதான். இரண்டையும் கொஞ்சம் தள்ளிவையுங்கள். பெரிய தளங்களில் மார்க்டவுனை ஹெச்டிஎம்எல்லாக மாற்றும் வேலைக்குப் பெரிதாக நேரம் ஆவதில்லை. ஒரு பக்கத்தை எழுதுவதற்காக மற்ற எல்லாப் பக்கங்களையும் சுற்றிவரும் டெம்ப்ளேட்தான் (பக்க வார்ப்புரு) நேரத்தைத் தின்கிறது. அதில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இடதுபக்க மெனு.

கணக்குப் போட்டால் புரிந்துவிடும். 5,000 பக்கங்கள், மெனுவில் அத்தனைக்கும் லிங்க். அப்படியானால் பில்ட் எழுத வேண்டியது 2.5 கோடி லிங்க். ஒரு லிங்க்குக்கு 100 பைட் என்று வைத்தாலும், பக்கத்துக்கு 500 கேபி, மொத்தம் 2.5 ஜிபி, வெறும் மெனுவுக்கு மட்டும். 500 பக்கங்களாக இருந்தபோது இதே வேலை 2.5 லட்சம் லிங்க்தான். பக்கங்கள் பத்து மடங்கானால் மெனு வேலை நூறு மடங்காகிறது. கோர்களை இரட்டிப்பாக்கி இதைத் துரத்திப் பிடிக்க முடியாது.

சந்தேகத்தை முதலில் அளந்து உறுதி செய்யுங்கள். ஹியூகோ ஜெனரேட்டரில் டெம்ப்ளேட்மெட்ரிக்ஸ் ஃப்ளாக் கொடுத்து ஓட்டினால், ஒவ்வொரு டெம்ப்ளேட்டுக்கும் மொத்த நேரம், சராசரி, அதிகபட்சம், எத்தனை முறை ஓடியது என்று அட்டவணை வரும். மொத்த நேரத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். பல த்ரெட்களில் ஓடியதெல்லாம் அதில் கூட்டப்படுகிறது, உள்ளே அழைத்த பார்ஷியலின் (டெம்ப்ளேட் துண்டின்) நேரமும் சேர்ந்தே வருகிறது; அதனால் அது பில்ட் நேரத்தையே தாண்டும். கவனிக்க வேண்டியது, பக்கங்களின் எண்ணிக்கை அளவுக்கு ஓடி, சராசரியும் அதிகமாக இருக்கும் பார்ஷியல். ஜெகில் ஜெனரேட்டரில் புரொஃபைல் ஃப்ளாக் இதே வேலையைச் செய்யும். ஸ்பிங்க்ஸ் ஜெனரேட்டரில் டியூரேஷன் எக்ஸ்டென்ஷனை மட்டும் நம்பாதீர்கள். அது கோப்புகளைப் படிக்கும் கட்டத்தைத்தான் அளக்கிறது, மெனுவின் செலவோ எழுதும் கட்டத்தில் இருக்கிறது. பைதானின் சி-புரொஃபைல் என்ற நேரம் அளக்கும் கருவியோடு ஒரே பிராசஸில் ஓட்டிப் பாருங்கள். இணையாக ஓட்டினால் துணை பிராசஸ்களின் வேலை அந்த அறிக்கையில் வராது.

ஹியூகோவில் மருந்து பார்ஷியல்-கேஷ்ட்: ஒருமுறை உருவாக்கிய பார்ஷியலைச் சேமித்து (கேஷ் செய்து) மறுபடி பயன்படுத்தும் வசதி. ஆனால் மெனுவை யோசிக்காமல் அதில் போட்டால் கண்ணுக்குத் தெரிகிற பிழை வரும்: எந்தப் பக்கம் முதலில் எழுதப்பட்டதோ, அதுவே எல்லாப் பக்கங்களிலும் 'இப்போதைய பக்கம்' என்று எடுப்பாகத் தெரியும். அதைச் சரிசெய்ய பக்கத்தின் முகவரியையே கேஷ் சாவியாக, அதாவது சேமித்த பிரதியை அடையாளம் காணும் பெயராக, கொடுப்பவர்கள் உண்டு. அப்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிப் பிரதி உண்டாகும். வேகம் வராது, மெமரிதான் நிறையும். சரியான சாவி, பக்கம் இருக்கும் பிரிவு. எடுப்பாகக் காட்டும் வேலையை பிரவுசருக்கு விட்டுவிடுங்கள்: முகவரியின் பாதையை மெனு லிங்க்குகளோடு ஒப்பிட்டு, பொருந்தும் லிங்க்குக்கு ஏரியா-கரன்ட் என்ற 'இப்போதைய பக்கம்' குறியைச் சேர்த்து, அதன் மேல்மட்டங்களைத் திறந்துவிடும் பத்துவரி ஜாவாஸ்கிரிப்ட் போதும். இங்கே ஒரு சிக்கல்: கடைசியில் சாய்கோடு இருக்கும் முகவரியும் இல்லாத முகவரியும் பொருந்தாமல் போகும். ஒப்பிடும் முன் இரண்டிலும் அதை நீக்கிவிடுங்கள். ஹியூகோவுக்கான டாக்ஸி தீம் இந்த வழியைத்தான் பின்பற்றுகிறது: தளம் 2,000 பக்கங்களைத் தாண்டினால் மெனுவைக் கேஷ் செய்துவிட்டு, அடையாளத்தை ஜாவாஸ்கிரிப்ட்டில் போடுகிறது.

எம்கேடாக்ஸ் ஜெனரேட்டரின் மெட்டீரியல் தீமில் நேவிகேஷன் ப்ரூன் என்ற அமைப்பு, அந்தப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் மெனுப் பகுதியை மட்டும் எழுதும். எல்லாவற்றையும் விரித்துக்காட்டும் எக்ஸ்பாண்ட் அமைப்போடு அது சேராது. ஸ்பிங்க்ஸ் தீம்களில் கொலாப்ஸ் நேவிகேஷனை உண்மை என்று வையுங்கள். 'தொடர்புடைய பக்கங்கள்' பெட்டி இருந்தால் அதையும் இதே கண்ணோடு பாருங்கள். அங்கேயும் பெரும்பாலும் எல்லாப் பக்கங்களையும் சுற்றும் ஒரு லூப் ஒளிந்திருக்கும்.

அடுத்து, கேஷ் இருந்தும் பயன்படாத நிலை. ஸ்பிங்க்ஸ் படித்ததைச் சேமிக்கும் டாக்ட்ரீ கோப்புறையைச் சிஐயில் (தானியங்கி பில்ட் சேவையில்) சேமித்து மீட்டும், ஒவ்வொரு முறையும் எல்லாக் கோப்புகளையும் மறுபடி படிக்கிறதே என்று பலர் குழம்புகிறார்கள். காரணம் எளிது. எந்தக் கோப்பு மாறியது என்பதை ஸ்பிங்க்ஸ் கோப்பின் மாற்ற நேரத்தை வைத்தே முடிவுசெய்கிறது. கோப்புகளின் மாற்ற வரலாற்றைப் பதியும் கிட் அந்த நேரத்தைச் சேமிப்பதில்லை. புதிதாக க்ளோன் செய்தால் (நகலெடுத்தால்) எல்லாக் கோப்புகளும் இந்த நிமிடம் பிறந்தவை. கமிட் (கிட்டில் பதிந்த மாற்றம்) நேரத்தைக் கோப்புகளுக்குத் திருப்பித் தரும் கிட்-ரிஸ்டோர்-எம்டைம் என்ற கருவி இருக்கிறது. அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. நேற்று ஒரு கிளையில் கமிட் செய்த மாற்றம் இன்று மாலைதான் முதன்மைக் கிளையில் மெர்ஜ் ஆகிறது என்று வையுங்கள். இன்று காலை பில்டில் ஸ்பிங்க்ஸ் அந்தக் கோப்பின் பழைய வடிவத்தைப் படித்துவிட்டது. மீட்ட நேரமோ நேற்றையது. 'மாறவில்லை' என்று தாண்டிப் போய்விடும். பழைய உரை தளத்தில் நிற்கும். ஆகவே கேஷோடு, அது எந்தக் கமிட்டில் உருவானது என்பதையும் எழுதிவையுங்கள். அதிலிருந்து இப்போதைய கமிட்டுக்குள் மாறிய கோப்புகளை கிட் டிஃப் மூலம் எடுத்து, அவற்றை மட்டும் டச் செய்து மாற்ற நேரத்தைப் புதுப்பித்துவிடுங்கள்.

இன்னொன்று: ஸ்பிங்க்ஸின் கான்ஃப் கோப்பில், டெம்ப்ளேட்டுக்குத் தரவு தரும் ஹெச்டிஎம்எல் கான்டெக்ஸ்டுக்குள் பில்ட் நேரத்தையோ கமிட் ஹேஷையோ (கமிட்டின் அடையாளக் குறி) போட்டால், ஒவ்வொரு முறையும் அமைப்பு மாறியதாகக் கருதி எல்லாப் பக்கங்களையும் திரும்ப எழுதும். இணையாக ஓட்டும் ஜே ஆட்டோ ஃப்ளாக்கும் இப்படிப் பயனற்றுப் போகலாம்; ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன் தன்னை இணைவாசிப்புக்குப் பாதுகாப்பானது என்று அறிவிக்காவிட்டால் போதும், வாசிப்பு முழுவதும் ஒற்றை வரிசைக்குத் திரும்பிவிடும். அதற்கான எச்சரிக்கை லாகில் வரும், படியுங்கள்.

மாறியவற்றை மட்டும் எழுதும் பகுதி பில்டில் மாறாத பக்கங்களின் சைட்பார் பழையதாகவே இருக்கும். எனவே புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் வேண்டுகோள்) முன்னோட்டத்துக்குப் பகுதி பில்ட், வெளியிடுவதற்கு முழு பில்ட் என்று பிரிப்பதே என் பரிந்துரை.

'கடைசியாகத் திருத்தியது' தேதியும் சத்தமில்லாமல் நேரம் தின்னும். கோப்புக்கு ஒரு கிட் லாக் (வரலாற்றைப் படிக்கும் கட்டளை) ஓட்டும் பிளகினில், 5,000 கோப்புகளுக்கு 5,000 பிராசஸ். ஹியூகோ வரலாற்றை ஒரே முறை படித்து வைத்துக்கொள்கிறது. மற்றவற்றில் முன்னோட்ட பில்டில் தேதியை அணைத்துவிடலாம். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் செக்அவுட் இயல்பாக ஒரே ஒரு கமிட்டைத்தான் எடுக்கும், அப்போது எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே தேதி வரும். முழு வரலாறு கனமாக இருந்தால் ப்ளாப் (கோப்பின் உள்ளடக்கம்) இல்லாத க்ளோன் எடுங்கள். ஆனால் பெயர் மாற்றத்தைத் தொடரும் ஃபாலோ ஃப்ளாக்கை அதோடு சேர்க்க வேண்டாம். ஒப்பிட வேண்டிய ப்ளாப்களைத் தேவைப்படும்போதெல்லாம் சர்வரிலிருந்து இழுக்க ஆரம்பித்து, மிச்சப்படுத்திய நேரமும் போய்விடும்.

டாகுசாரஸ் ஜெனரேட்டரில் உருவாகும் தளங்களில் பதிப்புகளைக் குறையுங்கள். எட்டுப் பதிப்பு என்றால் எட்டு மடங்கு பக்கங்கள். இனி மாறாத பழைய பதிப்பை ஒருமுறை பில்ட் செய்து, வெளியீட்டை அப்படியே தனிப் பாதையில் வைத்துவிடலாம். உள்ளூரில் எழுதும்போது ஒன்லி-இன்க்ளூட்-வெர்ஷன்ஸ் அமைப்பில் நடப்புப் பதிப்பை மட்டும் கொடுங்கள். 3.6 பதிப்பில் வந்த டாகுசாரஸ் ஃபாஸ்டர், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைத் தொகுக்கும் வெப்பேக்குக்குப் பதில் ஆர்எஸ்பேக்கைப் பயன்படுத்துகிறது. முயன்று பார்க்கத் தகுந்தது.

படங்களின் அளவை மாற்றும் வேலை இருந்தால், ஹியூகோ மாற்றிய படங்களைச் சேமிக்கும் ரிசோர்சஸ் ஜென் கோப்புறையைச் சிஐ கேஷில் சேருங்கள். நிரல் வண்ணமிட ஷிக்கி பயன்படுத்தினால், ஹைலைட்டரை ஒருமுறை உருவாக்கி எல்லாப் பக்கங்களுக்கும் அதையே கொடுங்கள்.

பில்ட் முடிந்தும் வெளியீடு இழுத்தால், பக்கத்தின் அடியில் வரும் ஃபுட்டரைப் பாருங்கள். அங்கே கமிட் ஹேஷ் இருந்தால், ஒரு பக்கத்தைத் திருத்தினாலும் 5,000 கோப்புகளும் மாறியவையாகி, அத்தனையும் ஏற்றப்படும். ஹேஷைத் தனி ஜேசன் கோப்பில் வைத்து ஃபுட்டரில் பிரவுசர் படிக்கட்டும். கோப்புகளை சர்வருக்கு ஏற்றும் ஆர்சிங்க்கை செக்சம் ஃப்ளாக்கோடு ஓட்டுங்கள், உள்ளடக்கம் உண்மையில் மாறிய கோப்புகள் மட்டும் போகும்.