எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது

என் நாய் புள்ளி காலைத் தூக்கிக்கொண்டு ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படியே நின்றான். வந்தது மூன்று சொட்டு. இரண்டடி தள்ளிப் போய் மறுபடி தூக்கினான். இன்னும் இரண்டு சொட்டு. குனிந்து பார்த்தால் வெளிர் சிவப்பு. ஐந்து வயது ஆண் டால்மேஷியன், வெள்ளை உடம்பில் கரும்புள்ளி உள்ள இனம். தடுப்பூசிக்குத் தவிர வேறு எதற்கும் அதுவரை டாக்டரிடம் போனவன் இல்லை.

முதலில் போன இடத்தில் சிறுநீர்த் தொற்று என்று சொல்லி ஏழு நாளுக்கு ஆன்டிபயாடிக் எழுதித் தந்தார்கள். சிறுநீரைச் சோதித்துப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான்கு நாளில் சரியான மாதிரிதான் இருந்தது. மாத்திரை முடிந்து பத்தாம் நாள் மறுபடி அதே சிவப்பு. இந்த முறை வேறு கிளினிக்குப் போனோம்.

அங்கே இருந்த டாக்டரம்மா புள்ளியைத் தொடுவதற்கு முன்பே கால் மணி நேரம் என்னைக் கேள்வி கேட்டார். முக்கியமான கேள்வி இது: "சொட்டுச் சொட்டாவாவது போறானா, இல்லை அடியோட நின்னுடுச்சா?" ஆண் நாயின் குறிக்குள் ஒரு எலும்பு உண்டாம். சிறுநீர்க்குழாய் அதை ஒட்டிப் போகிற இடம் மிகக் குறுகல், அங்கே ஏதாவது அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. "முக்கியும் வரலைன்னா ராத்திரி பகல் பார்க்காம உடனே கூட்டிட்டு வந்துடுங்க" என்றார். அன்றிலிருந்து அவன் விடும் சொட்டுகளை எண்ணுவதே எனக்கு வேலையாகிவிட்டது.

சிறுநீர் மாதிரி வேண்டும் என்று முன்பே போனில் சொல்லியிருந்தார்கள். சுலபம் என்று நினைத்தேன். நீளக் கைப்பிடி வைத்த கரண்டியைக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொண்டு விடியற்காலையில் அவன் பின்னாலேயே நடந்தேன். கரண்டி பக்கத்தில் வந்ததும் காலை இறக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பான். ஏழெட்டு மரம் கடந்த பிறகுதான் அரைக் கரண்டி கிடைத்தது. நான் கிளினிக் போய்ச் சேர்வதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. சோதனைப் பட்டையை அதில் நனைத்துப் பார்த்தார்கள்: ரத்தம் இருக்கிறது, அமிலத்தன்மை இருக்கிறது. மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்துச் சொல்ல மட்டும் டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. வெளியே வந்து நேரமாகி ஆறிப்போன சிறுநீரில் உள்ளே இல்லாத படிகங்கள்கூடப் புதிதாகத் தோன்றலாமாம். அரை மணி நேரத்துக்குள் பார்ப்பதுதான் நல்லது என்றார். காலை முழுக்க நாய் பின்னால் அலைந்தது பாதி வீண்.

முன்னங்காலில் மயிரை மழித்து இரண்டு குழாயில் ரத்தம் எடுத்தார்கள். ஒன்று ரத்த அணுக்களை எண்ண, இன்னொன்று சிறுநீரகம், கல்லீரல் நிலவரம் பார்க்க. எல்லாமே சரியாக இருந்தது. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுகிற கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் சரியாக இருக்கிறதே, அப்படியென்றால் சிறுநீரகத்தைப் பற்றிக் கவலையில்லையா என்று கேட்டேன். அந்த ஒரு எண்ணை வைத்து மட்டும் அப்படிச் சொல்ல முடியாதாம். சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் அது ஏறத் தொடங்கும். அவருக்கு நிம்மதி தந்தது சிறுநீரின் அடர்த்தி. ஒரே ஒரு சொட்டைக் கையடக்கக் கருவியில் விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்: 1.040. நாய்க்கு 1.030-க்கு மேல் இருந்தால் சிறுநீரகம் நீரை நன்றாக மீட்டுக்கொள்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது எக்ஸ்ரே. லேசாக மயக்க ஊசி போட்டு, பக்கவாட்டில் ஒரு படம், மல்லாக்கக் கிடத்தி ஒரு படம், பின்னங்கால்களை முன்னால் இழுத்துப் பிடித்துச் சிறுநீர்க்குழாய் முழுக்கத் தெரிகிற மாதிரி இன்னொரு படம். நான் கதவுக்கு வெளியே நின்றேன். சில விநாடிகளில் திரையில் படம் வந்துவிட்டது. முதுகெலும்பு வெள்ளை வெளேரென்று, சிறுநீர்ப்பை சாம்பல் நிற முட்டை போல. அதற்குள் ஒன்றுமே இல்லை. "அப்பாடா, கல் இல்லை" என்றேன்.

"எக்ஸ்ரேக்குத் தெரியற கல் இல்லை. அவ்வளவுதான் சொல்லலாம்" என்றார் டாக்டர். ஆக்சலேட் கல்லும் ஸ்ட்ரூவைட் கல்லும் படத்தில் பளிச்சென்று தெரியும். யூரிக் அமிலத்திலிருந்து உண்டாகிற யூரேட் கல் பெரும்பாலும் சுற்றியிருக்கிற சிறுநீரோடு சிறுநீராக ஒளிந்துகொள்ளும். டால்மேஷியனுக்கு அதிகம் வருவதோ யூரேட்தான். மற்ற நாய்கள் யூரிக் அமிலத்தை அலன்டாயின் என்ற எளிதில் கரையும் பொருளாக மாற்றி வெளியேற்றிவிடும். இந்த இனத்தில் ஒரு மரபணுக் கோளாறால் அது சரிவர நடக்காது, யூரிக் அமிலமாகவே சிறுநீரில் இறங்கும். இவ்வளவு தெரிந்திருந்தும் எதற்கு முதலில் எக்ஸ்ரே எடுத்தார் என்று எனக்கு உள்ளுக்குள் கோபம். நாளைக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு வரச் சொன்னதும், பில்லை ஏற்றுகிறார்களோ என்ற சந்தேகமும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மற்ற வகைக் கல்லும் வரலாம், குழாயில் எங்காவது சிக்கியிருக்கலாம், எலும்பு பக்கத்தில் இருக்கிற அந்த இடத்தை ஸ்கேனில் சரியாகப் பார்க்க முடியாது என்று அவர் பொறுமையாக விளக்கிய பிறகுதான் தணிந்தேன்.

ஸ்கேனுக்கு வயிறு 12 மணி நேரம் காலியாக இருக்க வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். குடலில் காற்றும் உணவும் இருந்தால் படம் மறைக்கும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் நல்லது, அதனால் வரும் வழியில் போகவிடாதீர்கள் என்றார்கள். கம்பத்தைக் கண்டால் காலைத் தூக்குகிறவனிடம் இதை யார் சொல்வது? வண்டியிலிருந்து இறக்கி, 26 கிலோவையும் தோளில் போட்டுக்கொண்டு நேரே உள்ளே போனேன்.

வயிற்று மயிரை மழித்ததும் ஒரு ஆச்சரியம், அடியில் தோலிலும் அதே கரும்புள்ளிகள். குழிவான பஞ்சு மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். நான் முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டு "சும்மா இருடா, சும்மா இருடா" என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். விளக்கை அணைத்தார்கள். ஜெல் பட்டதும் ஒருமுறை சிலிர்த்தான், அப்புறம் அசையவில்லை. திரையில் சிறுநீர்ப்பை கன்னங்கரேலென்று இருந்தது, திரவம் அப்படித்தான் தெரியுமாம். அதன் அடித்தட்டில் நொய்யரிசி சிந்திய மாதிரி வெள்ளைப் புள்ளிகள். அவற்றுக்குக் கீழே கறுப்புக் கோடுகள். ஒலி அலையைக் கல் தடுப்பதால் விழுகிற நிழல் அது. "பக்கவாட்டுல திருப்புங்க" என்றார். திருப்பினோம். வெள்ளைப் புள்ளிகள் எல்லாம் சரசரவென்று உருண்டு புதிய அடித்தட்டில் போய்ச் சேர்ந்தன. சுவரிலிருந்து வளர்ந்த கட்டியாக இருந்தால் இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

அதே மூச்சில், திரையைப் பார்த்துக்கொண்டே, வயிற்று வழியாக மெல்லிய ஊசியைச் சிறுநீர்ப்பைக்குள் இறக்கி மாதிரி எடுத்தார். புள்ளி முனகக்கூட இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டது நான்தான். அந்தச் சிறுநீரை உடனே மைக்ரோஸ்கோப்பில் வைத்து எனக்கும் காட்டினார். பழுப்பு மஞ்சள் உருண்டைகள், நெருஞ்சிக்காய் போலச் சுற்றிலும் முள்ளோடு. அம்மோனியம் யூரேட். மீதியைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் முடிவு வந்தது: எதுவும் வளரவில்லை. முதலில் கொடுத்த மாத்திரை எதைத்தான் சரிசெய்தது என்று இனிக் கண்டுபிடிக்க வழியில்லை.

கல் எல்லாம் 3 மில்லிமீட்டருக்குள் இருந்ததால் அறுவை வேண்டாம், கரைத்துப் பார்க்கலாம் என்று முடிவானது. உடம்பில் யூரிக் அமிலமாக மாறுகிற பியூரின் என்ற பொருள் குறைந்த உணவு, நிறையத் தண்ணீர், அலோபியூரினால் மாத்திரை. மனிதர்களுக்கு யூரிக் அமிலம் ஏறி மூட்டு வீங்கும்போது தருகிற அதே மாத்திரைதான். உணவை மாற்றாமல் மாத்திரையை மட்டும் கொடுத்தால் சாந்தீன் என்று வேறொரு கல் உண்டாகலாம் என்பதை டாக்டர் இரண்டு முறை அழுத்திச் சொன்னார். ஸ்கேன் படங்களை அளவு குறித்து எனக்கும் ஒரு பிரதி வாங்கிக்கொண்டேன்.

ஆறு வாரம் கழித்து அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மறுபடி ஸ்கேன் பார்த்தார்கள். நொய்யரிசியில் பாதிக்கு மேல் காணோம். வயிற்றில் மயிர் பாதி முளைத்திருந்தது, மறுபடி மழித்துவிட்டார்கள். அடுத்த மாதமும் சிறுநீர் மாதிரி கொண்டு போக வேண்டும். இப்போது கிளினிக் வாசலுக்கே கூட்டிப் போய் அங்கேயே பிடித்துவிடுகிறேன். கரண்டியைத்தான் முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.